நிரம்பாத தொட்டியின் பெருமை

காஞ்சிபுரத்தில் செப்டிக் டேங்க் வைத்த வீட்டுக்காரர்களுக்கு,



பட்டைப் பற்றியோ கோயிலைப் பற்றியோ எழுதினால் நம் ஊரில் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். நான் எழுத வந்தது கக்கூஸ் தொட்டியைப் பற்றி. சாப்பாட்டு நேரமாக இருந்தால் மடித்து வைத்துவிட்டு அப்புறம் படியுங்கள். படிக்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

திண்ணைப் பேச்சு வீடு கட்டிய கதைக்கு வந்துவிட்டால், யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் எழுந்து போகமாட்டார்: “நான் டேங்க் கட்டி இருபது வருசம் ஆச்சு. இன்னி வரைக்கும் லாரி கூப்பிட்டதில்ல.” கேட்பவர்கள் மெச்சுவார்கள். யார் மேஸ்திரி என்று விசாரித்து வைத்துக்கொள்வார்கள். இந்த மடல் அந்தப் பெருமையைப் பற்றியதுதான்.

கணக்கு எளிது. தொட்டிக்குள் போவதில் கனமானது அடியில் சேறாகப் படிகிறது. எண்ணெயும் நுரையும் மேலே ஏடாக மிதக்கின்றன. நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் அடுத்த அறைக்கும், அங்கிருந்து உறிஞ்சு குழிக்கும் போகிறது. காற்றில்லாத இருட்டில் வாழும் நுண்ணுயிர்கள் அந்தச் சேற்றைத் தின்று குறைக்கின்றன. குறைக்கின்றனவே தவிர, இல்லாமல் ஆக்குவதில்லை. ஆகவே ஒழுங்காகக் கட்டிய தொட்டி ஒரு நாள் சேறு கட்டியே தீரும். இருபது வருஷம் நிரம்பாத தொட்டி என்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்கிறது.

ஒன்று, அதற்கு அடி இல்லை. “அடியில கான்கிரீட் போடாம விட்டுட்டா தண்ணிய பூமி குடிச்சிக்கும், உங்களுக்குத் தொல்லை இல்ல” என்று மேஸ்திரி சொன்னதற்கு நாம் தலையாட்டியிருப்போம். பூமி குடித்தது எங்கே போகும்? உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவில் 18 மீட்டர், அதாவது 60 அடியாவது இருக்க வேண்டும் என்கிறது செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதி, ஐ.எஸ். 2470. பிள்ளையார்பாளையத்து வீடுகளின் அமைப்பை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் திண்ணை, உள்ளே தறி, அப்புறம் சமையல்கட்டு, கடைசியில் கொல்லை. கிணறும் அங்கேதான், கக்கூஸும் அங்கேதான். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். நம் கிணற்றிலிருந்து 60 அடி தள்ளிப் போனால் அடுத்தவர் கிணற்றடிக்குப் போய்விடுவோம்.

இரண்டு, தொட்டியின் வெளிக்குழாய் தெருச் சாக்கடையில் விழுகிறது. “சும்மா தண்ணி மட்டும்தான் போவுது” என்பார்கள். அந்தச் சும்மா தண்ணியில் கிருமி அப்படியே இருக்கிறது. செப்டிக் டேங்க் கசடைத்தான் பிரிக்கும், கிருமியைக் கொல்லாது. தெருச் சாக்கடை மஞ்சள்நீர்க் கால்வாய்க்குப் போய், கால்வாய் நத்தப்பேட்டை ஏரியில் போய் முடிகிறது. அந்தப் பக்கம் போகிறபோது மூக்கைப் பொத்திக்கொண்டு நகராட்சியைத் திட்டியவர்கள் நாம். இப்போது மாநகராட்சி ஆகிவிட்டது, அதையும் திட்டுகிறோம். ஏரியில் நம் வீட்டுப் பங்கும் இருக்கிறது.

மூன்று, தொட்டி நிரம்பித்தான் கிடக்கிறது. நமக்குத் தெரியவில்லை. ஆபத்து இதில்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தப் பெருமை நம் ஊரில் பிறந்ததும் இல்லை. செப்டிக் டேங்க் பிறந்தபோதே கூடப் பிறந்தது. பிரான்சில் வெசூல் என்ற ஊரில் ழான் லூயி மூரா என்பவர் 1860-களில் தன் வீட்டுக் கழிவுக்கு ஒரு மூடிய தொட்டி கட்டினார். பன்னிரண்டு ஆண்டு கழித்துத் திறந்து பார்த்தால், அவர் எதிர்பார்த்த அளவுக்குக் கசடே இல்லையாம். ஆச்சரியப்பட்டுப்போய் 1881-ல் காப்புரிமை வாங்கினார். நம் திண்ணைக்காரர்களுக்கு அவர்தான் மூத்தவர். ஆனால் அந்த வகைத் தொட்டியைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் வேறு முடிவுக்குத்தான் வந்தார்கள்: முறை வைத்துச் சேறு எடுக்க வேண்டும். ஜப்பானில் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிகளுக்கென்றே 1983-ல் தனிச் சட்டம் போட்டு, ஆண்டுக்கு ஒரு முறையாவது சுத்தம் செய்தாக வேண்டும் என்று வைத்தார்கள். நம் நாட்டுக் கையேடுகள் அவ்வளவு கெடுபிடி செய்யவில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை என்கின்றன.

அதுவும், கட்டும்போது எத்தனை பேருக்கென்று கட்டினோமோ அத்தனை பேர் இருந்தால். ஐந்து பேர் வீட்டுக்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் தண்ணீர் ஆழம் என்பது விதியின் அளவு. அப்பா அம்மா காலத்தில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். இன்றைக்கு மாடியில் இரண்டு போர்ஷன், ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்டு போகிற பையன்கள் ஒரு அறையில் நான்கு பேர், கீழே நாம். தொட்டி அதே தொட்டி. வைகாசி கருட சேவைக்கு வருகிற சொந்தக்காரர்களை நான் சேர்க்கவே இல்லை.

சரி, மேலேயிருந்து தொடங்குவோம். கக்கூஸுக்குள் சுவரில் மாட்டியிருக்கிறோமே ஃபிளஷ் டேங்க், அதைத் திறந்து பார்த்து எத்தனை நாளாயிற்று? போர் தண்ணீரின் உப்பு, மிதவையிலும் வால்விலும் வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். வால்வு முழுதாக மூடாது. தண்ணீர் சத்தமில்லாமல் பீங்கானின் பின்சுவர் வழியே இறங்கிக்கொண்டே இருக்கும். நூல் கனத்தில் ஒழுகினாலே ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் போய்விடும். தண்ணீர் வீண் என்பதோடு முடிவதில்லை இது. கீழே இருக்கும் தொட்டியில் கசடு படிய வேண்டுமானால் தண்ணீர் ஒரு நாளாவது அசையாமல் நிற்க வேண்டும். மேலேயிருந்து ஓயாமல் இறங்கினால், படிய வேண்டியது படியாமல் உறிஞ்சு குழிக்குப் போய் அதன் கண்களை அடைத்துவிடும். பிறகு மழைக்காலத்தில் குழி தண்ணீரை வாங்காது. கக்கூஸில் எதிர்த்து வரும். “டேங்க் ரொம்பிடுச்சு” என்று ஊரைக் கூட்டுவோம்.

ஒழுகுகிறதா என்று பார்ப்பதற்கு நம் ஊரைப் போல வசதி வேறெங்கும் கிடையாது. பட்டுச் சாயப்பொடி ஒரு சிட்டிகை எடுத்து ஃபிளஷ் டேங்குக்குள் போடுங்கள். வீட்டில் சாயம் இல்லையென்றால் கேசரிப் பவுடர் போதும். அரைமணி நேரம் யாரும் உள்ளே போகாதபடி கதவைச் சாத்தி வையுங்கள். திறந்து பார்க்கும்போது பீங்கானில் நிறம் இறங்கியிருந்தால், அடி வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். மிகச் சின்னச் செலவு. பார்த்த கையோடு தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள், சாயம் பீங்கானில் பிடித்துக்கொண்டால் வீட்டில் திட்டு விழும். உப்புப் படிந்த பாகங்களைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பளிச்சென்று வந்துவிடும்.

ஆசிட் வேண்டாம். பீங்கான் வெள்ளையாக வேண்டும் என்று வாரந்தோறும் பாட்டில் பாட்டிலாக ஆசிட்டும் பினாயிலும் ஊற்றுகிறோம். அத்தனையும் தொட்டிக்குள் போய், நமக்காகக் கூலியில்லாமல் உழைக்கிற நுண்ணுயிர்களைக் கொல்கிறது, சிமெண்டையும் அரிக்கிறது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலிருந்து குளோரின் புகை கிளம்பும். சின்னக் கக்கூஸுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அதைச் செய்தால் நெஞ்சை அடைக்கும். வீட்டிலேயே பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சுகிறவர்கள் அந்தத் தண்ணீரை இந்தத் தொட்டிப் பக்கம் விடவே கூடாது. நூல் கழிவு, தலைமுடி, நாப்கின் இதெல்லாம் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

கடையில் நுண்ணுயிர்ப் பொட்டலம் விற்கிறார்கள். ஈஸ்ட் போடு, சாணம் கரைத்து ஊற்று என்று சொல்கிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், காசைக் கரியாக்காதீர்கள். தொட்டிக்கு வேண்டிய நுண்ணுயிரை வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தினமும் காலையில் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இப்போது அந்த மூன்றாவது விஷயம். தொட்டிக்குள் எவ்வளவு சேறு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடிவரை எட்டுகிற பிளாஸ்டிக் குழாயோ மூங்கிலோ எடுத்து, அதன் கீழ்ப்பாதியில் பழைய வெள்ளை வேட்டியைச் சுற்றிக் கட்டுங்கள். மூடியைத் திறந்துவிட்டு விலகிப்போய் அரைமணி நேரம் காற்றாட விடுங்கள். பக்கத்தில் பீடி, தீப்பெட்டி, கற்பூரம் எதுவும் கூடாது, உள்ளிருந்து வருவதில் எரியும் வாயுவும் உண்டு. கூட ஒருவர் இருக்க வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. நின்றபடியே கழியை அடிவரை விட்டு, சில நிமிஷம் வைத்திருந்து, மெதுவாக எடுங்கள். குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள். துணியில் கறுப்பாக ஒட்டியிருக்கும் உயரம் சேற்றின் உயரம். அதற்கு மேல் வெறும் அழுக்குத் தண்ணீரின் சாயல்தான் இருக்கும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சேறு வந்துவிட்டதென்றால் லாரிக்குச் சொல்லியாக வேண்டும்.

சொல்லாமல் விட்டால்? சேறு வருஷக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கி இறுகிவிடும். ஒரு நாள் கக்கூஸ் எதிர்க்கும். லாரி வரும். குழாயைப் போட்டு மேல் தண்ணீரை உறிஞ்சும். அடியில் இருப்பது குழாய்க்கு வராது. டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு சொல்வார்: “கெட்டிப்பட்டுப் போச்சுண்ணா. ஆள் எறங்கித்தான் வெட்டி எடுக்கணும்.”

இருபது வருஷப் பெருமை வந்து நிற்கும் இடம் அந்த வாக்கியம். அந்த ஆள் யார், எந்தத் தெருவிலிருந்து வருவார், அவருடைய அப்பா என்ன வேலை செய்தார் என்பதெல்லாம் நம் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி, “அவங்களுக்குப் பழக்கம்” என்று பேசுவோம். வாயுவுக்குப் பழக்கமும் கிடையாது, சாதியும் கிடையாது. இறுகிய சேற்றைக் கிளறும்போதுதான் அதற்குள் அடைபட்ட ஹைட்ரஜன் சல்பைடு மொத்தமாகக் கிளம்புகிறது. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இன்னும் கூடினால் ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பார்களே, அந்தப் பழைய சோதனை இங்கே உதவாது. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே ஆளைக் கொல்லும் அளவுக்கு இந்த வாயு இருக்கலாம். அதோடு நெருப்பைக் கொண்டுபோய் எரிவாயுவுக்குள் விட்டதாகவும் ஆகும்.

2019 மார்ச் மாதம் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் ஒரே தொட்டியில் ஆறு பேர் இறந்தார்கள். தந்தையும் அவருடைய இரண்டு மகன்களும் அதில் அடக்கம். ஒருவர் உள்ளே மயங்க, தூக்கப் போனவர் மயங்க, அவரைத் தூக்கப் போனவரும் மயங்கி, ஒருவர்பின் ஒருவராகப் போனது அது. கூலிக்கு வந்தவருக்கு மட்டும் நேர்கிற விபத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிற வீட்டுக்காரர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் நீங்கள் இறங்கக் கூடாது. பெற்ற பிள்ளையாக இருந்தாலும் இறங்கக் கூடாது. எழுதுவது எளிது, நிற்பது கஷ்டம், தெரியும். தீயணைப்புத் துறையை அழைக்க 101 அல்லது 112. மூச்சுக் கருவி மாட்டியவர்கள்தான் தூக்க முடியும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கையால் மலம் அள்ளும் தொழிலாளர் பணியமர்த்தல் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம் 2013-ல் வந்தது. பாதுகாப்புக் கருவியும் ஏற்பாடும் இல்லாமல் யாரையும் செப்டிக் டேங்கில் இறக்கக் கூடாது. அரசாங்கத்தை மட்டும் கட்டுப்படுத்துகிற சட்டம் இல்லை இது, தனி ஆளும் அதில் உண்டு, நேரடியாகவோ வேறொருவர் மூலமாகவோ என்றும் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே “நான் லாரிக்காரர்கிட்டதான் சொன்னேன், அவர் யாரை இறக்கினாரோ” என்று கையை விரிக்க முடியாது. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-ல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. 1993-லிருந்து கணக்கெடுத்தால், இந்த மாதிரி சாவுகள் அதிகமாக நடந்த மாநிலம் தமிழ்நாடு என்று நாடாளுமன்றத்திலேயே பதில் தந்திருக்கிறார்கள். எதற்கெல்லாமோ முதலிடம் என்று தட்டி வைக்கிறோம், இதற்கு யாரும் வைப்பதில்லை.

இறுகிய சேற்றை ஆள் இறங்காமல் கலக்குவதற்குச் சென்னை ஐ.ஐ.டி.யில் ‘ஹோமோசெப்’ என்று ஒரு இயந்திரம் செய்திருக்கிறார்கள். சுழலும் கத்திகளைத் தொட்டிக்குள் விட்டுச் சேற்றைக் கரைத்து, பிறகு குழாயால் உறிஞ்சுவது. 2022-ல் தமிழ்நாட்டில் சில இடங்களுக்குக் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அது நம் தெருமுனைக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துவிட்டால் சேறு இறுகாது, சாதாரண லாரியின் குழாயே இழுத்துக்கொள்ளும். ஆள் இறங்க வேண்டிய நிலையை உண்டாக்குவது நம் சோம்பேறித்தனம்தான்.

அனந்தசரஸ் குளத்துக்குள் நாற்பது ஆண்டு இருந்துவிட்டு 1939, 1979, 2019 என்று வெளியே வருவது அத்திவரதருக்கு அழகு. நம் வீட்டுத் தொட்டிக்கு அந்தக் கணக்கு ஆகாது.

லாரி வருகிற அன்றைக்கு வீட்டில் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பணத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் டிவி பார்த்தால், முதல் அறையின் மேல் தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இரண்டு அறை மூடியையும் திறக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் தண்ணீரைத் திரும்ப வேகமாகப் பீய்ச்சி, மேலே நின்றபடியே நீளமான கழியால் கலக்கி, பிறகு உறிஞ்சச் சொல்லுங்கள். ஆனால் ஒரேயடியாகச் சுரண்டி எடுக்க வேண்டாம். அடியில் ஒரு அங்குலம், விதிக் கணக்கில் 25 மில்லிமீட்டர், சேறு கிடக்கட்டும். அடுத்த சுற்றுக்கு உறைமோர் அது. எடுத்து முடிந்ததும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவாதீர்கள், வெறும் தண்ணீரை நிரப்பினால் போதும். காற்றுக் குழாயின் உச்சியில் கொசுவலை இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று டிரைவரைக் கேளுங்கள். வேகவதி ஏற்கெனவே பட்டதெல்லாம் போதும். மதுராந்தகம் பக்கத்தில் கருங்குழியில், அது நம் மாவட்டத்தில் இருந்த காலத்திலேயே, 2017-ல் தமிழ்நாட்டின் முதல் கசடுக் கழிவுச் சுத்திகரிப்பு நிலையம் தொடங்கினார்கள். லாரிகள் அங்கே போய் இறக்க, கசடைப் படுகைகளில் பரப்பி உலர்த்தி உரமாக்கலாம். ஒரு பேரூராட்சியால் ஆனது நம்மாலும் ஆகும். மகாராஷ்டிரத்தில் வாய் என்கிற சிறு நகரத்தில் வீட்டுக்காரர் கூப்பிடும்வரை காத்திருக்காமல், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரிசைப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் நகராட்சியே லாரி அனுப்புகிறது. நம் மாநகராட்சியும் அப்படி முறை வைக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அதுவரை 14420 என்கிற எண் இருக்கிறது. கழிவுநீர் லாரிக்கு அதில் சொல்லலாம், யாரையாவது தொட்டியில் இறக்குவதைப் பார்த்தால் புகாரும் சொல்லலாம்.

பாதாளச் சாக்கடை இணைப்பு வாங்கிவிட்ட வீட்டுக்காரர்கள், நமக்கென்ன என்று போய்விடாதீர்கள். பழைய தொட்டியை என்ன செய்தீர்கள்? சேற்றை எடுத்து மணல் நிரப்பாமல் அப்படியே மூடி வைத்திருந்தால் அது உங்கள் கொல்லையில் இன்னும் காத்திருக்கிறது. உள்ளே கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, மூடியின் இரும்பை அடிப்பக்கத்திலிருந்து தின்கிறது. மேலே பெயிண்ட் பளபளவென்றுதான் இருக்கும். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. குழந்தை தொட்டிக்குள் விழுந்து இறந்தது நினைவிருக்கும். துருப்பிடித்த மூடி என்றார்கள். உங்கள் மூடி இரும்புத் தகடாக இருந்தால் இந்த வாரமே மாற்றி, கம்பி கட்டிய கான்கிரீட் மூடி போடுங்கள்.

எப்போது எடுப்பது? ஐப்பசி, கார்த்திகையில் தறிக்குழியிலேயே ஊற்று எடுக்கிற ஊர் இது. அப்போது தொட்டியைக் காலி செய்தால் வெளித் தண்ணீர் அழுத்திச் சுவர் விரிசல் விடும், பிளாஸ்டிக் தொட்டியானால் மேலேயே மிதந்து வந்துவிடும். பொங்கல் முடிந்து, தை கழிந்து, பூமி காய்ந்த பிறகு, கருட சேவைக் கூட்டத்துக்கு முன்னால், மாசி பங்குனிதான் சரியான காலம். எங்கள் தெருவில் சில வீடுகள் சேர்ந்து மாசியில் லாரிக்குச் சொல்வதாகப் பேசி வைத்திருக்கிறோம். குறுகிய தெருவுக்குள் ஒருமுறை வண்டியைத் திருப்பி நுழைத்துவிட்டால் நாலைந்து வீடு சேர்த்து முடித்துவிடலாம், கூலியும் பேசிக் குறைக்கலாம். உங்கள் தெருவிலும் இப்படிப் பேசிப் பாருங்கள்.

அதற்கு முன்னால், மூடி எங்கே இருக்கிறது என்று தேடி வையுங்கள். பாதி வீடுகளில் அதன்மேல் டைல்ஸ் ஒட்டி, துளசி மாடமும் வைத்தாயிற்று.

இப்படிக்கு,
உங்களில் ஒரு வீட்டுக்காரன்